யார் கொடுத்தது?

அக்கா மகளுக்கு ஒன்பது வயது. போன கோடை விடுமுறைக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒருநாள் இரவு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகு கேட்டாள்: "சித்தி, நான் பாப்பாவோட ரத்தத்தை எல்லாம் குடிச்சிட்டேனா?"

அவளோடு கருவில் இருந்த இன்னொன்றைத்தான் அவள் பாப்பா என்கிறாள். ஏதோ ஒரு விசேஷ வீட்டில் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் அவள் தலையைத் தடவிச் சொல்லியிருக்கிறார்: "உன் தங்கச்சி தன் ரத்தத்தை எல்லாம் உனக்குக் குடுத்துட்டு சாமிகிட்ட போயிட்டா. நீ நல்லாப் படிச்சுப் பெரிய ஆளா வரணும்." அன்பாகத்தான் சொல்லியிருப்பார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கண்கூடக் கலங்கியிருக்கும். குழந்தை அதை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. ஒருத்தி கொடுத்தாள் என்றால் இன்னொருத்தி வாங்கியிருக்கிறாள். எல்லாவற்றையும் கொடுத்தாள் என்றால் எல்லாவற்றையும் வாங்கியிருக்கிறாள்.

"அப்படியெல்லாம் இல்லடா, தூங்கு" என்றேன். அது பதில் இல்லை. அவள் போட்ட கணக்கில் பிழையில்லை, அவளிடம் தரப்பட்ட சொற்களில்தான் பிழை இருந்தது. அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும். அந்த ஸ்கேன் அறையில் நானும் இருந்தேன்.

முதலில், கருப்பைக்குள் நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கருவுற்ற ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்து வளர்வதுதான் ஒத்த இரட்டையர். ஆயிரம் பிரசவங்களில் மூன்றோ நான்கோ இப்படி நேரும். பிரிவது எந்த நாளில் என்பதைப் பொறுத்து மற்றவை அமையும். முதல் மூன்று நாட்களுக்குள் பிரிந்தால் ஆளுக்கொரு நஞ்சுக்கொடி. ஏறக்குறைய 4 முதல் 8 நாட்களுக்குள் பிரிந்தால் பனிக்குடம் இரண்டு, நஞ்சுக்கொடி ஒன்று. ஒத்த இரட்டையரில் மூன்றில் இரண்டு பங்கினர் இப்படி ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொண்டு வளர்பவர்கள். அந்த ஒற்றை நஞ்சுக்கொடியின் மேல் இரண்டு பேருடைய இரத்தக் குழாய்களும் பரவி, ஒன்றோடொன்று இணைந்தும் இருக்கும். ஆகவே கருவிலேயே ஒருவர் இரத்தம் மற்றவருக்குள் போய் வந்துகொண்டிருக்கும்.

பெரும்பாலும் இதனால் தீங்கில்லை, போவதும் வருவதும் சமமாகிவிடும். ஆனால் இணைப்புகளில் சில ஒருவழிப் பாதைகள். ஒருவருடைய தமனி வழியாக நஞ்சுக்கொடிக்குள் இறங்கும் இரத்தம் மற்றவருடைய சிரை வழியாக வெளியேறிவிடும், திரும்பி வராது. எதிர்த்திசையில் ஈடுசெய்யும் குழாய்கள் போதாவிட்டால் ஒருவர் உடலில் இரத்தம் குறையும், மற்றவர் உடலில் பெருகும். நஞ்சுக்கொடியைப் பகிரும் கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்தில், பெரும்பாலும் 16ஆம் வாரத்துக்கும் 26ஆம் வாரத்துக்கும் இடையில், இது நோயாக முற்றுகிறது. டிவின் டு டிவின் டிரான்ஸ்ஃபியூஷன் சிண்ட்ரோம் என்பது முழுப்பெயர். டாக்டர்கள் டி.டி.டி.எஸ். என்பார்கள். கடுமையாக முற்றியதைச் சிகிச்சையின்றி விட்டால் பெரும்பாலும் இரண்டுமே பிழைப்பதில்லை.

அதே டாக்டர்கள் இரண்டு கருக்களுக்கும் வைத்திருக்கும் பெயர்கள் டோனர், ரெசிபியன்ட். கொடுப்பவர், பெறுபவர்.

அக்காவின் ஸ்கேன் அறையில் அந்தச் சொற்களைக் கேட்டபோது எனக்கு எதுவும் உறுத்தவில்லை. கையில் பஞ்சை அழுத்தியபடி பிஸ்கட்டும் பழச்சாறும் வாங்கிக்கொள்ளும் இரத்ததான முகாம்தான் நினைவுக்கு வந்தது. பிறகுதான் படித்துப் பார்த்தேன். பெறுபவர் என்று சொல்லப்படும் கரு கொழுத்து வாழ்வதில்லை. தேவைக்கு மேல் வந்த இரத்தத்தை இறைத்து இறைத்து அதன் இதயம் தடித்துத் தளர்கிறது. உபரியை வெளியேற்ற ஓயாமல் சிறுநீர் கழிப்பதால் அதன் பனிக்குடம் ஊதிப் பெருக்கிறது. கொடுப்பவர் என்று சொல்லப்படும் கருவுக்குச் சிறுநீரே குறைந்து, பனிக்குட நீர் வற்றி, சவ்வு உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. இரத்த அழுத்தத்தைப் பிடித்து நிறுத்த அதன் சிறுநீரகம் ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவையும் அதே குழாய்கள் வழியாக மற்றதற்குப் போய், ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் அந்த இதயத்தை இன்னும் அழுத்துகின்றன. பெறும் கருவே முதலில் இறப்பதும் உண்டு. ஒன்று இறந்தால் மற்றது தப்பித்துவிடும் என்றும் இல்லை. இறந்ததன் உடலில் அழுத்தம் விழுந்ததும், உயிரோடு இருப்பதன் இரத்தம் அதற்குள் சரிந்து வடியும். அதனால் அதுவும் இறக்கலாம், அல்லது மூளை பாதிக்கப்படலாம்.

இதில் யார் யாருக்குக் கொடுத்தார்கள்? குழாய் அமைந்த விதத்தில் இரத்தம் ஓடியது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவதை யாரும் மேட்டின் தியாகம் என்று சொல்வதில்லை.

கொடு என்ற சொல்லைப் பற்றித் தொல்காப்பியத்தில் ஒரு செய்தி இருக்கிறது. ஈ, தா, கொடு மூன்றும் ஒரே பொருள் தருபவையாகத் தோன்றினாலும் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து வேறுபடும் என்கிறது சொல்லதிகாரம். தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்டால் ஈ. ஒத்தவர் ஒத்தவரிடம் கேட்டால் தா. உயர்ந்தவர் தன்னைவிடத் தாழ்ந்தவரிடம் கேட்டால் கொடு. கல்லூரியில் இதை மனப்பாடம் செய்தபோது இலக்கண நுணுக்கம் என்று மட்டும் நினைத்தேன். இப்போது பார்த்தால், கொடுப்பது பற்றிய சொற்களை நம் மொழி கேட்பவரின் உயரத்தை வைத்து அளந்திருக்கிறது. கொடுப்பவருக்கு விருப்பமா இல்லையா என்பதற்கு அந்த மூன்று சொற்களிலும் இடமில்லை.

பெண்களின் கொடைகளில் பெரும்பாலானவை இப்படிக் கேட்கப்பட்ட கொடைகள்தாம். பல சமயம் கேட்கப்படக்கூட இல்லை, ஓடிப் போனவை. அண்ணன் படிக்கத் தன் படிப்பைக் கொடுத்தாள் என்று எங்கள் பெரியம்மாவைப் பற்றிச் சொல்வார்கள். அவர் கொடுக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள், நின்றார். வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பில்லாத இடத்தில் நடந்ததற்குப் பின்னால் கொடை என்று பெயர் சூட்டுவது, நிறுத்தியவர்களுக்கு வசதி. பிறக்காத கருவுக்கும் அதே பெயரைச் சூட்டி, உயிரோடிருக்கும் ஒன்பது வயதுக் குழந்தையைக் கடன்காரி ஆக்கியிருக்கிறோம். செத்துப்போன பெண்ணைத் தியாகியாகவும் பிழைத்த பெண்ணை நன்றிக்கடன் பட்டவளாகவும் ஆக்குவதற்கு நமக்கு எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது!

சரி, ஸ்கேன் அறைக்குப் போகலாம்.

அது 2015. அக்காவுக்குப் பத்தொன்பதாவது வாரம். ஒரே வாரத்தில் வயிறு பெருத்துத் தோல் பளபளவென்று இறுகிவிட்டது. ராத்திரியில் நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிந்தது. "ரெட்டைன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் வீட்டில். பன்னிரண்டாவது வாரம் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் இரட்டைக் கரு, இரண்டுக்கும் இதயத்துடிப்பு உண்டு என்று இருந்தது. நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று எழுதவில்லை. 11 முதல் 14 வாரத்துக்குள் பார்த்தால்தான் அதைத் தெளிவாகச் சொல்ல முடியும். சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடம் ஆப்பு போலத் தடித்திருந்தால் இரண்டு, ஆங்கில டி எழுத்துப்போல மெல்லியதாக இருந்தால் ஒன்று. ஒன்று என்று தெரிந்திருந்தால் பதினாறாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். ஒரே ஒரு வரி. அந்த ரிப்போர்ட்டை அக்கா இன்னும் வைத்திருக்கிறாள்.

மாவட்டத் தலைநகரிலிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் பார்த்த டாக்டர் நல்லவர், பொறுமையாகவும் விளக்கினார். ஆனால் விளக்கியதெல்லாம் அக்காவின் கணவரிடம். அக்கா வயிற்றைத் திறந்து போட்டு, ஜெல் காயாமல் படுத்திருந்தாள். அவள் வயிற்றின் மேல் கருவியை நகர்த்திக்கொண்டே அவர் மாமாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். டோனர் இங்கே, ரெசிபியன்ட் இங்கே. அக்காவின் மாமியார் இடையில் கேட்டார்: "ரெண்டுல பையன் எதுங்க டாக்டர்?"

அதைச் சொல்லக்கூடாது என்று 1994இலேயே சட்டம் வந்துவிட்டது. டாக்டரும் சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினார். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. ஒரே முட்டையில் உண்டானவை. ஆணென்றால் இரண்டும் ஆண், பெண்ணென்றால் இரண்டும் பெண். எதைக் காப்பாற்றலாம் என்ற கேள்வி எங்கள் குடும்பத்தில் முதல்முறையாகப் பாலினத்தை வைத்துத் தீர்க்க முடியாத கேள்வியாக வந்து நின்றது.

வழிகளைச் சொன்னார். ஊசி போட்டுப் பெருத்த பனிக்குடத்தின் நீரை அவ்வப்போது வடிப்பது ஒன்று. அக்காவின் வயிற்றிலும் கருப்பையிலும் துளையிட்டு மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்தி, நஞ்சுக்கொடியின் மேல் இணைந்திருக்கும் இரத்தக் குழாய்களை லேசரால் பொசுக்கி அடைப்பது இன்னொன்று. ஐரோப்பாவில் இரண்டையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. ஒரு குழந்தையாவது பிறந்து 28 நாள் உயிரோடு இருந்தது லேசர் சிகிச்சையில் 76 சதவீதம், நீர் வடித்ததில் 56 சதவீதம். மூன்றாவது வழி, ஒன்றின் தொப்புள்கொடியை அடைத்து அதை நிறுத்திவிட்டு மற்றதைக் காப்பது. தனித்தனி நஞ்சுக்கொடி இருந்தால் மருந்து செலுத்தி ஒன்றை நிறுத்த முடியும். இங்கே மருந்து மற்றதற்கும் போய்விடும், ஆகவே கொடியைத்தான் அடைக்க வேண்டும்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு அக்கா வாயைத் திறந்தாள். "எனக்கு என்ன ஆகும்?"

அறையில் ஒரு நொடி அமைதி. மாமியார் அவளைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. மோசமான பார்வை இல்லை அது, வெட்கப்பட்ட பார்வை. மருமகள் ஏதோ சொல்லக்கூடாததைச் சபையில் சொல்லிவிட்டதுபோல. டாக்டரும் கொஞ்சம் தடுமாறி, "உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, குழந்தைங்களை நினைச்சு தைரியமா இருங்க" என்றார்.

அது உண்மையும் இல்லை. துளையிட்ட பிறகு பனிக்குடம் உடையலாம், பிரசவ வலி முன்கூட்டியே வரலாம், இரத்தக் கசிவு ஏற்படலாம், தொற்று வரலாம். கருவின் உடம்பில் நீர் கோத்தால் தாயின் உடம்பும் அதைப் போலவே வீங்கும் ஒரு நிலை உண்டு. 1892இல் ஸ்காட்லாந்து மருத்துவர் பாலன்டைன் அதை எழுதிவைத்தார். இன்று மிரர் சிண்ட்ரோம் என்கிறார்கள். அக்காவின் கேள்வி சுயநலமானது என்றே வைத்துக்கொண்டாலும், அந்த அறையில் மருத்துவரீதியாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்விகளில் அதுவும் ஒன்று.

விவிலியத்தில் ரெபேக்காள் கேட்டதும் இதே கேள்விதான். ஆதியாகமத்தில் அவள் வயிற்றுக்குள் இரண்டு பிள்ளைகள் மோதிக்கொள்கின்றன. எனக்கு ஏன் இப்படி என்று கேட்கக் கர்த்தரிடம் போகிறாள். அவளுக்குக் கிடைக்கும் பதில் உன் வயிற்றில் இரண்டு இனங்கள் இருக்கின்றன, மூத்தவன் இளையவனுக்குப் பணிவான் என்பது. அவள் தன்னைப் பற்றிக் கேட்டாள், பதில் வாரிசுகளைப் பற்றி வந்தது. மூத்தவன் ஏசா சிவந்த நிறமாய்ப் பிறந்தான் என்பதை வைத்து, அது இந்த இரத்தப்பகிர்வு நோயாக இருக்குமோ என்று ஊகிப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. ஒருவன் உடல் முழுக்க ரோமம், இன்னொருவன் வழவழப்பு, ஒத்த இரட்டையரின் சாயலே இல்லை. ரெபேக்காளின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்கு நன்றாகப் பொருந்துகிறது.

தத்துவம் படிக்கும் மாணவிகளுக்கு ட்ராலி சிக்கல் தெரிந்திருக்கும். தறிகெட்டு ஓடும் வண்டி, ஒரு தண்டவாளத்தில் ஐந்து பேர், இன்னொன்றில் ஒருவர், திருப்புவதா வேண்டாமா. இன்று அது கேலிப்படங்களாகவே சுற்றுகிறது. அது பிறந்த இடம் பலருக்கு மறந்துவிட்டது. ஃபிலிப்பா ஃபுட் என்ற பெண் 1967இல் கருக்கலைப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் அந்த வண்டி முதலில் ஓடியது. நல்லதை நோக்கிச் செய்யும் செயலால் தெரிந்தே ஒரு தீமையும் விளையுமானால், அதைச் செய்யலாமா என்பது அவர் ஆராய்ந்தது.

அக்காவுக்கு இந்தக் கேள்வி நேரடியாகவே வந்தது. குழாய்களை அடைத்தால் இரண்டும் தனித்தனி ஆகும். ஆனால் சிறிய கருவுக்குச் சொந்தமாக இருந்த நஞ்சுக்கொடிப் பங்கு மிகவும் குறைவு. பிரித்தபின் அந்தப் பங்கை வைத்து அது பிழைக்குமா என்பது சந்தேகம். ஃபுட் சொல்லும் வேறுபாட்டின்படி அது ஒன்றைக் கொல்வது ஆகாது, இரண்டையும் காக்க முயல்வதுதான். சாவு வரலாம் என்று தெரியும், ஆனால் அதை நாடவில்லை. நானும் அதை ஏற்கிறேன். தொப்புள்கொடியை அடைப்பதிலிருந்து அது வேறுபட்டது என்றும் நினைக்கிறேன், இரண்டில் ஒன்றை அடைக்க முடிவெடுக்கும் பெண்ணைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது என்றபோதும். என் சிக்கல் வேறு இடத்தில். ட்ராலிக் கதையில் முடிவெடுப்பவர் தண்டவாளத்துக்கு வெளியே, கையில் நெம்புகோலோடு நிற்கிறார். இங்கே தண்டவாளம் போடப்பட்டிருப்பதே முடிவெடுக்க வேண்டியவளின் உடம்புக்குள். நெம்புகோல் மட்டும் வேறு யார் கையிலோ.

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு ஒரு வழக்கு. ஒட்டிப் பிறந்த இரண்டு பெண் குழந்தைகள். ஒன்றின் இதயம்தான் இரண்டு உடலுக்கும் இரத்தத்தை இறைத்துக்கொண்டிருந்தது. பிரித்தால் பலவீனமானது உடனே இறக்கும், பிரிக்காவிட்டால் சில மாதங்களில் இரண்டும் இறக்கும். பெற்றோர் பிரிக்க வேண்டாம் என்றார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரிக்க அனுமதித்தது. அறுவை நடந்தது, ஒன்று இறந்தது, ஒன்று வாழ்ந்தது. தீர்ப்பு சரியா தவறா என்று இன்றுவரை வாதிடுகிறார்கள். எனக்கு அதில் நெருடுவது, நீதிபதிகளில் ஒருவர் தற்காப்புச் சட்டத்தைத் துணைக்கு அழைத்தது. பலவீனமான குழந்தை மற்றதன் உயிரை உறிஞ்சிக் கொன்றுகொண்டிருக்கிறது, ஆகவே மற்றதைக் காக்க டாக்டர்கள் குறுக்கிடலாம் என்பது வாதம். வாய்விட்டு அழக்கூட முடியாத ஒரு சிசு அங்கே தாக்குபவளாகிவிட்டது. எங்கள் ஊர் விசேஷ வீட்டில் தியாகி, லண்டன் நீதிமன்றத்தில் தாக்குபவள். இரத்தம் ஓடும் திசைக்கு ஒரு குணத்தைக் கற்பிக்காமல் நம்மால் இருக்க முடியவில்லை.

அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1971இல் ஒரு கற்பனை செய்தார். நீங்கள் கண் விழிக்கிறீர்கள். உங்கள் முதுகோடு முதுகாக ஒரு புகழ்பெற்ற வயலின் கலைஞர். அவர் சிறுநீரகம் கெட்டுவிட்டதால் உங்களைக் கேட்காமலே கடத்தி வந்து உங்கள் இரத்த ஓட்டத்தோடு இணைத்துவிட்டார்கள். ஒன்பது மாதம் இப்படியே இருந்தால் அவர் பிழைப்பார். இருந்தே ஆக வேண்டுமா? இருந்தால் பெரிய மனது, ஆனால் இருந்தே தீர வேண்டும் என்று கேட்கும் உரிமை அவருக்கு இல்லை என்கிறார் தாம்சன். கருவுக்கு உயிர் வாழும் உரிமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டே வாதிடுகிறார் என்பதுதான் அதன் பலம். கொடுக்கலாம், ஆனால் கொடு என்று யாரும் ஆணையிட முடியாது.

அதே 1971இல்தான் இந்தியாவில் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டம் தாம்சனிடமிருந்து எதையும் கற்றதாகத் தெரியவில்லை. அது பெண்ணின் உரிமையைப் பேசவில்லை. எந்த வாரம்வரை எந்த டாக்டர் நல்லெண்ணத்தோடு கருதினால் குற்றமாகாது என்பதைப் பேசியது. 2015இல் இருபது வாரம்தான் எல்லை. அதைத் தாண்டினால் தாயின் உயிரைக் காக்க மட்டும். அக்கா அந்த அறையில் படுத்திருந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வாரம். கர்ப்பத்தையே முடித்துக்கொள்வது என்ற வழி சட்டப்படி அவளுக்கு இன்னும் சில நாட்கள் திறந்திருந்தது. அதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் அதைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டாள் என்று அவளே சொல்கிறாள். பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தபோது அவளுக்கு வந்த கோபம் அதனால் குறையவில்லை. 2021 திருத்தத்தில் சில வகைப் பெண்களுக்கு இருபத்துநான்கு வாரமாக்கினார்கள், கருவில் கடுமையான குறைபாடு என்று மருத்துவ வாரியம் சொன்னால் அதற்குப் பிறகும் முடியும். ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடரும் கர்ப்பத்தை நினைத்து எழுதப்பட்ட வாசகங்கள் அல்ல அவை. கர்ப்பத்தை முடிப்பது என்றுதான் சட்டம் பேசுகிறது. இங்கே கர்ப்பம் முடிவதில்லை.

வயதுவந்த பெண்ணின் கருக்கலைப்புக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்று அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது, கணவன் கையெழுத்து தேவையில்லை. அக்காவுக்கு நடக்க இருந்தது கருக்கலைப்புகூட இல்லை, அவள் உடம்பில் ஓர் அறுவை. படிவத்தை நேராக மாமாவிடம் நீட்டினார்கள். அவர் போட்டுவிட்டு அக்காவிடம் தந்தார். அவள் போட வேண்டிய இடம் அவர் பெயருக்குக் கீழே இருந்தது.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும், என் தோழிகளிடமிருந்தே வந்தது. இறந்த கருவைப் பாப்பா என்றும் ஒருத்தி என்றும் எழுதினால், கரு ஒரு ஆள் என்று சொல்பவர்களின் கையில் நாமே கொம்பைக் கொடுத்ததாகாதா? யோசித்தேன். இருபதாவது வாரத்தில் இழந்ததற்கு அக்கா அழுதாள், இன்றும் ஆடி மாதத்தில் ஒருநாள் பேசாமல் இருப்பாள். அந்தத் துக்கத்தின் அளவை நான் குறைக்கப் போவதில்லை. அதே வாரத்தில் கருவைக் கலைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய பெண்ணையும் எனக்குத் தெரியும், அந்த நிம்மதியையும் குறைக்க மாட்டேன். ஒருத்தி தன் வயிற்றில் இருப்பதை என்ன பெயரிட்டு அழைக்கிறாள் என்பது அவளைப் பொறுத்தது. அந்தப் பெயரைப் பிடுங்கி இன்னொருத்தியின் மேல் சட்டமாகப் போடும்போதுதான் சண்டை. துக்கப்படும் பெண்களைப் பார்த்து நாம் கூசினால், அவர்களை அணைத்துக்கொள்ளக் காத்திருப்பவர்கள் வேறு ஆட்கள்.

லேசர் செய்தார்கள். மறுநாள் ஸ்கேனில் சிறியதற்குத் துடிப்பு இல்லை. குழாய்கள் அடைபட்டிருந்ததால் மற்றதன் இரத்தம் அதற்குள் வடியவில்லை. அக்கா முப்பத்தோராம் வாரம்வரை ஒன்றை உயிராகவும் ஒன்றை உயிரில்லாமலும் சுமந்தாள். பிரசவமானபோது நஞ்சுக்கொடியை நர்ஸ் தட்டில் வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் அடர்சிவப்பு, ஒரு மூலை வெளிறி உலர்ந்து. நம் மொழியில் அதற்கு நஞ்சு என்று பெயர். வெளியே வராமல் தங்கினால் தாயைக் கொல்லும் என்ற பயத்தில் வந்த பெயராக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் பசு ஈன்றால் அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள், பால் ஊறும் என்று. பெண்ணுடையதை யாரும் எங்கும் கட்டுவதில்லை. தாயின் இரத்தமும் கருவின் இரத்தமும் அங்கே கலப்பதும் இல்லை. மெல்லிய சுவருக்கு இரண்டு பக்கமும் ஓடி, வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றன. ஆகவே என் இரத்தம், எங்கள் வம்ச இரத்தம் என்றெல்லாம் பேசுவதற்கு அங்கே ஆதாரம் ஒன்றும் கிடைக்காது.

அப்படியானால் அக்காவும் எதையும் கொடுக்கவில்லையா? அவளும் வெறும் ஓட்டம்தானா? இதைத்தான் அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் குடுக்கத்தான் செஞ்சேன்டி. படுத்துக் கிடந்தது, துளை போட்டது, பத்து வாரம் செத்ததையும் சேத்து சுமந்தது, எல்லாம் தெரிஞ்சுதான். ஆனா என்கிட்ட கேட்டாங்களா? கேட்டிருந்தா நான் குடுத்தேன்னு எனக்கே தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

மகள் என்னிடம் கேட்ட கேள்வியையும் அவளிடம் சொன்னேன். மறுநாளே பேருந்து ஏறி வந்துவிட்டாள். என் வீட்டுக் கொல்லையில் பரங்கிக்கொடி ஒன்று வேலியில் படர்ந்திருந்தது. மகளைக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஒரே கொடியில் ஒரு காய் பெருத்திருந்தது, பக்கத்தில் ஒரு பிஞ்சு வெம்பிக் கறுத்திருந்தது.

"பெரிய காய் ஏதாச்சும் தப்பு பண்ணுச்சா?"

"இல்ல."

"சின்னது நான் போறேன், நீ நல்லா இருன்னு சொல்லுச்சா?"

அவள் சிரித்துவிட்டாள். "காய் எப்படிம்மா பேசும்?"

"அதான். நீங்களும் அவ்ளோதான் இருந்தீங்க, கை நீளம். யாரும் யாருக்கும் எதுவும் குடுக்கல, யாரும் புடுங்கிக்கவும் இல்ல. கொடி சரியா ஓடல."

அவள் கொடியைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப நீதான் கொடியா?"

"கொடி உங்க ரெண்டு பேரோடது. நான் வேற ஆளு. அங்கதான் படுத்திருந்தேன், அவங்க பேசறதை எல்லாம் கேட்டுக்கிட்டு."

பிறகு புடவையை விலக்கித் தொப்புளுக்குப் பக்கத்தில் இருந்த தழும்பைக் காட்டினாள். அரிசி அளவுகூட இல்லை. நானே அன்றுதான் முதலில் பார்த்தேன். குழந்தை விரலை அதன்மேல் வைத்து, வலித்ததா என்று கேட்டாள்.

வலித்தது என்றாள் அக்கா. எங்கே, எப்படி, எத்தனை நாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்து உள்ளே போனேன்.